விகடகவி தெரியாத கம்பியூட்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குக் கோடிங் படிப்பிக்க ஆசைப்படும் வாப்பாமார், உம்மாமார், பின்னேரம் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பெடுக்கும் தம்பி தங்கச்சிமார் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வரும் காலம் என்றால் எனது இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், மகனக் கோடிங்ல போடணும், எந்தக் கிளாஸ் நல்லம்?" "சேர், எத்தின மாசத்துல அப் செய்யலாம்?" கேட்பதில் பிழை இல்லை. ஊரில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறது என்ற கதை ஒன்று பரவினால் போதும், அந்தக் கிழமை பத்துப் பேர் கேட்பார்கள். நான் எந்தக் கிளாஸின் பெயரையும் சொல்வதில்லை. பிள்ளையிடம் முதலில் என்ன வேலை கொடுப்பீர்கள் என்று கேளுங்கள் என்றுதான் சொல்வேன். கிளாஸின் தரம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

பெரும்பாலான இடங்களில் கொடுக்கும் வேலை என்ன? பத்து எண்களின் கூட்டுத்தொகை. மூன்று எண்களில் பெரியது. பெருக்கல் வாய்பாடு. பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதுதான், கடந்தகால வினாத்தாளில் வருவதும் இதுதான். தரம் 11 புத்தகத்தில் இருக்கும் பஸ்கல், நிக்லாஸ் விர்த் என்ற பேராசிரியர் 1970இல் பிள்ளைகளுக்குச் செய்நிரலாக்கம் படிப்பிப்பதற்கென்றே செய்த மொழி. நல்ல மொழி. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் அதைத் திரையில் ஒரு நாளும் பார்க்காமலே பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, ஏ எடுக்கிறார்கள். அரைப்புள்ளி எங்கே வரும் என்பது மனப்பாடம். அது ஏன் வருகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க எந்தப் பிள்ளைக்குக் கம்பியூட்டர் வேண்டும்? கண்ணால் பார்த்தால் தெரிகிறதே.

இத்தனை வருடத்தில் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. பிள்ளை முதலில் எழுதும் செய்நிரல், சரியான விடை பிள்ளைக்கோ பிள்ளையின் வீட்டாருக்கோ ஏற்கனவே தெரிந்த விசயமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கம்பியூட்டர் பிழையாகச் சொன்னால் பிள்ளையால் பிடிக்க முடியும். பிடிக்கத் தெரியாத பிள்ளை, திரையில் வருவதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். பெரியவர்களே வட்ஸ்அப்பில் வருவதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம், அது வேறு கதை.

மண்ணெண்ணெயில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வகுப்பிலும் அங்கிருந்துதான் தொடங்குவது.

செய்நிரலாக்கத்தில் முதல் பாடம் மாறி. பெயர் ஒன்று, உள்ளே ஒரு பெறுமானம், பெறுமானம் மாறலாம், பெயர் மாறாது. இதைப் பெட்டி வரைந்து விளக்குவார்கள். எங்கள் கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பெட்டி தேவையில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. அன்று எத்தனை போட் கரையில் கிடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பலகையில் "மண்ணெண்ணெய் = 87" என்று எழுதி, 87ஐ அழித்து 340 என்று எழுதினால் வகுப்பே ஒரு பெருமூச்சு விடும். மாறி படிப்பித்து முடிந்தது.

அதன் பிறகு கொடுக்கும் வேலை, ஒரு நாள் கடலுக்குப் போய்வந்த கணக்கு. மீன் விற்ற காசு, அதிலே மண்ணெண்ணெய்க் காசும் ஐஸ் காசும் கழிவு, மிச்சத்தில் பாதி போட்காரருக்கு, மற்றப் பாதி போன ஆட்களுக்குப் பங்கு. பங்கு பிரிக்கும் முறை இடத்துக்கு இடம், வீட்டுக்கு வீடு வேறுபடும். அதனால் "உங்கள் வீட்டு முறையை எழுதுங்கள்" என்றுதான் சொல்வேன். ஒரு பையன் எழுதிய கணக்கு இது. விற்றது 42,000. மண்ணெண்ணெய் 40 லீற்றர், 340 படி 13,600. ஐஸ் 1,400. மிச்சம் 27,000. போட்டுக்கு 13,500. மூன்று பேருக்கு ஆளுக்கு 4,500. அதே செய்நிரலில் 340ஐ எடுத்து 87ஐப் போட்டுப் பார்த்தான். ஆளுக்கு 6,186 ரூபாயும் சில்லறையும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு ஒரு வீட்டின் ஒரு நாள் வருமானம் இவ்வளவு இறங்குகிறது. பேசாமல் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதை வாப்பாவிடம் போனில் காட்டியிருக்கிறான். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர், கணக்கில் கெட்டி. "மீன் படாத நாளப் போடு பாப்பம்" என்றிருக்கிறார். விற்றது 9,000, செலவு 15,000. செய்நிரல் கொஞ்சமும் வெட்கப்படாமல் "ஆளுக்கு -1,000" என்று காட்டியது. வாப்பா சிரித்துவிட்டார். "நட்டத்த ஆக்கள்ட்டக் கேக்குறதா மகன்? அது போட்காரன்ட தலயில." அடுத்த நாள் காலை பையன் வகுப்புக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சேர், மிச்சம் சைபருக்குக் கீழ போனா வேற மாதிரிச் செய்யச் சொல்லி எப்படி எழுதுற?" தெரிவுக் கட்டமைப்பு என்ற பாடத்தை நான் தொடங்கவே இல்லை. அவன் கேட்டு வந்துவிட்டான்.

இன்னொரு பிள்ளையின் உம்மா கேட்டதை இன்னும் எங்களால் எழுத முடியவில்லை. விற்க முன்னரே கறிக்கு எடுக்கும் மீனை எந்தக் கணக்கில் போடுவது? அதற்கு விலை போட்டால் ஊரே சண்டைக்கு வரும்.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் ஆரம்பப் பிள்ளைகளுக்கான வேலைகள் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்தால், அது முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றா என்று சொல்லும் செய்நிரல். பைதனில் இரண்டு வரி வேலை. சொல்லைத் திருப்பு, பழையதோடு ஒப்பிடு, அவ்வளவுதான். தமிழிலே இதற்கு விகடகவி என்ற சொல்லை விட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ் டீச்சரிடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த இரண்டு வரியையும் எழுதி விகடகவியைக் கொடுத்தோம். கம்பியூட்டர் "இல்லை" என்றது.

பின்வரிசையில் இருந்து ஒரு மகள்: "சேர், கம்பியூட்டர் பொய் சொல்லுது."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இந்த வேலையைக் கொடுப்பதே. திருப்பிய சொல்லைத் திரையில் காட்டச் சொன்னோம். முதலில் எழுத்தே இல்லாமல் ஒரு விசிறி மட்டும் புள்ளி வட்டத்தில் தொங்குகிறது. அதன் பிறகு "வகடகிவ". வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழமை ஒருவரை ஒருவர் வகடகிவ என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஏன் இப்படி? எழுத்து எத்தனை என்று கேட்டுப் பார்த்தோம். "உம்மா" என்று கொடுத்தால் ஐந்து என்றது. "வாப்பா" என்று கொடுத்தால் ஆறு. எங்கள் கணக்குப்படி இரண்டுமே மூன்று எழுத்து. "வாப்பா பெரிய ஆள் சேர், அதான் ஒண்டு கூட" என்றான் ஒருவன். பிறகு ஒவ்வொரு துண்டாகக் காட்டச் சொன்னபோது விசயம் விளங்கியது. கம்பியூட்டருக்கு "வா" என்று ஓர் எழுத்து கிடையாது. வ ஒன்று, அரவு ஒன்று. "ப்" என்பதும் ப ஒன்று, குற்று ஒன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, எல்லாம் சேர்த்து 247 என்று நாங்கள் ஆண்டு இரண்டில் இருந்து பாடமாக்கியிருக்கிறோம். யுனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் இருப்பதோ 128 இடம்தான். அதிலும் பல இடம் வெறுமை. ஆகவே அடி எழுத்தைத் தனியாகவும், விசிறி, கொம்பு, குற்று என்பவற்றைத் தனியாகவும் வைத்து, திரையில் காட்டும்போது ஒட்டிக் காட்டுகிறது. திருப்பச் சொன்னால் அந்தத் துண்டுகளைத் திருப்புகிறது. கடைசி "வி"யின் விசிறி கழன்று முன்னுக்கு ஓடிவிடுகிறது. முதல் "வி"யின் விசிறி பக்கத்தில் இருந்த க மேல் ஏறி "கி" ஆகிவிடுகிறது.

பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். நான் செய்தது, துண்டு துண்டாகக் காட்டும் வரியைச் சொல்லிக் கொடுத்தது மட்டும். கண்டுபிடித்த பிறகு அவர்களைத் தடுக்க முடியாது. "அப்ப ஒட்டிட்டுத் திருப்புவம் சேர்." சரி, எப்படி ஒட்டுவது? பாதி மணித்தியாலம் வாதம். கடைசியில் வந்த முடிவு: ஆ முதல் ஔ வரை பதினொரு குறி, அதோடு குற்று, எல்லாமாகப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் போடு. சொல்லை முன்னிருந்து ஒவ்வொன்றாக எடு. எடுத்தது பட்டியலில் இருந்தால் முந்திய எழுத்தோடு ஒட்டு. இல்லாவிட்டால் புது எழுத்தாக வை. எல்லாம் முடிந்த பிறகு திருப்பு. பட்டியல், மீள்செயல், தெரிவு என்று பாடத்திட்டத்தில் மூன்று தலைப்பு இதில் வந்துவிட்டது.

ஓட்டினோம். விகடகவி: "ஆம்". கைதட்டல் பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்க வேண்டும், அந்த டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. சொல் தேடத் தொடங்கினார்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் கம்பியூட்டருக்குள் போட்டார்கள். மாமா: ஆம். காக்கா: ஆம். தாத்தா: ஆம். சாச்சா: ஆம். வாப்பா: இல்லை. உம்மா: இல்லை. சாச்சி: இல்லை, மாமி: இல்லை. சாச்சாவும் மாமாவும் திரும்பினாலும் அதே ஆட்கள், சாச்சியும் மாமியும் திரும்பினால் வேறு ஆட்கள் என்று ஒரு பையன் விளக்கம் சொன்னான். அதை நான் வீட்டில் சொல்லப் போவதில்லை.

நானா என்று கொடுத்தபோது "இல்லை" என்றது. மறுபடியும் கூச்சல், கம்பியூட்டர் பொய் சொல்லுது என்று. இந்த முறை அது பொய் சொல்லவில்லை. முதல் எழுத்து தந்நகரத்தில், இரண்டாவது றன்னகரத்தில். காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் எழுத்து இரண்டு. தமிழ் டீச்சர் எத்தனை வருடம் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத ந, ன வேறுபாடு அன்று ஏறியது. "ஸ்ரீ" ஓர் எழுத்தா இரண்டா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. எங்கள் செய்நிரல் ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிக்கிறது. தமிழ் டீச்சர் ஒரு பக்கம், தரம் 10 இன்னொரு பக்கம்.

இங்கே கொஞ்சம் வகுப்பைவிட்டு வெளியே போகிறேன். தமிழைக் கம்பியூட்டருக்குள் ஒழுங்காக எண்ண வைப்பது சின்னப் பிள்ளை விளையாட்டு மட்டுமல்ல. முத்து அண்ணாமலை என்ற பொறியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பை எல்லோருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அரை மணித்தியாலம் வாதாடிச் செய்த எழுத்துப் பிரிப்பு அதில் ஒரு வரியில் கிடைக்கும். அதைக் கடைசியில்தான் காட்டினேன். "நாங்க செஞ்சத்தான் இவங்களும் செஞ்சிருக்காங்க" என்றாள் அதே பின்வரிசை மகள். ஆமாம் மகள், அப்படித்தான்.

அதே முத்து அண்ணாமலை எழில் என்று ஒரு நிரல்மொழியும் செய்திருக்கிறார். 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கட்டளை எல்லாம் தமிழில். அதில் எனக்குப் பிடித்த ஒன்று, "ஆனால்" வரும் இடம். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். நாங்கள் பேசுவது அப்படி இல்லையே. "மழை பெய்தால் குடை எடு" என்கிறோம். நிபந்தனை முன்னால், "ஆல்" பின்னால். எழிலில் அதே ஒழுங்கு. இங்கிலீஷ் பயத்தால் வாயே திறக்காத பிள்ளை அதை வாசித்து உடனே விளங்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். வருடம் முழுக்க எழிலில் படிப்பிக்க நான் விரும்பவில்லை. பரீட்சைக்கும் வேலைக்கும் ஆங்கிலக் கட்டளைகள் வேண்டும், அதை ஒளித்து வைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி அல்ல. முதல் இரண்டு கிழமைக்கு நல்லது. அதற்குப் பிறகு பைதன். 2008இல் வந்த பைதன் 3 முதல் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கட்டளை ஆங்கிலம், பெயர் தமிழ். மண்ணெண்ணெயை மண்ணெண்ணெய் என்றே எழுதலாம். பல ஆசிரியர்களுக்கே இது தெரியாது.

றமழான் வந்தால் ஸகாத் கணக்கு. இதுவும் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை. 85 கிராம் தங்கத்தின் பெறுமதி எவ்வளவு, கையில் உள்ளது அதற்கு மேலா, வருடம் நிறைந்ததா, இரண்டுக்கும் ஆம் என்றால் நாற்பதில் ஒன்று. இரண்டு நிபந்தனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பதைப் படிப்பிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. எழுதப் போனால்தான் பிரச்சினை தெரியும். தங்கத்தின் அளவா, 595 கிராம் வெள்ளியின் அளவா? உம்மா போடும் நகை சேருமா? கொடுக்க வேண்டிய கடனைக் கழிப்பதா? ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒவ்வொரு விதமாகக் கேட்டுக்கொண்டு வரும். நான் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. சட்டத்தை மௌலவியிடம் கேள், அவர் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டு வா, கணக்கை மட்டும் கம்பியூட்டரிடம் விடு. ஒரு பிள்ளை மௌலவியிடம் போய், "ஹஸ்ரத், நீங்க சொன்னதுல ஒரு இடம் விளங்கல்ல, ஆம் இல்ல எண்டு சொல்லுங்க" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் கோபிக்கவில்லை. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மற்றச் சில வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஏழின் சூடும் ஒன்றல்ல. விஞ்ஞான டீச்சரிடம் வெப்பமானி வாங்கிக்கொண்டு போய் ஏழு எண் எழுதி வாருங்கள். பட்டியல், கூடியது, குறைந்தது, சராசரி எல்லாம் அதிலேயே படிக்கலாம். விடையைக் கைவைத்தே சரிபார்த்தவர்கள் அவர்கள். ஒன்று முதல் நூறுக்குள் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை எல்லோரும் கொடுக்கிறார்கள், நானும் கொடுப்பேன். நடுவில் பிரித்துப் பிரித்துக் கேட்டால் ஏழு கேள்விக்குள் பிடிக்கலாம் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் வரை விட வேண்டும், சொல்லிக் கொடுத்துக் கெடுக்கக் கூடாது. ஆமை வரைதலும் அப்படித்தான். சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய சகாக்களும் 1967இல் பிள்ளைகளுக்காக லோகோ மொழியைச் செய்தார்கள். கொஞ்சக் காலத்தில் அதில் ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. இத்தனை அடி போ, இத்தனை பாகை திரும்பு என்றால் கோடு கீறிக்கொண்டே போகும். பைதனிலும் அந்த ஆமை இருக்கிறது. ஐந்து முனை நட்சத்திரம் கீறச் சொன்னால் எல்லோரும் 72 பாகை, 36 பாகை என்று போட்டுத் தோற்பார்கள். திரையை விட்டுவிட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் கீறி, ஒரு பிள்ளையை ஆமையாக நடக்கவிட்டால் 144 வரும். முனையில் எவ்வளவு தூரம் உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்பது நடந்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்ததை நான் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை கொண்டுவந்தது. எழுதுவதா விடுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் படகுப் பாதையில்தான் திருகோணமலைக்குப் போய்வந்தோம். 396 மீற்றர் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புத் தெரியாது. ஆனால் குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை அங்கே படகுப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர் போனது, அதில் பிள்ளைகளும். எங்கள் ஊரில் அந்த நாளை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

தவணை முடிவில் ஆளுக்கொரு வேலை நீங்களே தெரிவுசெய்து கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு மகள் ஒற்றை ரூல் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு எதுவும் இல்லை. எழிலில் எழுதியிருந்தாள், அந்தப் பகுதி இப்படி:

ஏறியவர் = ஏறியவர் + 1
@( ஏறியவர் >= எல்லை ) ஆனால்
    பதிப்பி "போதும்"
இல்லை
    பதிப்பி "ஏறலாம்"
முடி

வகுப்பில் அதை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேள்விகள் வந்தன. எல்லை எத்தனை? அதை யார் சொல்வது? ஆள் எண்ணிக்கை போதுமா, நிறையா பார்க்க வேண்டும்? சின்னப் பிள்ளையும் பெரிய ஆளும் ஒன்றா? மோட்டார் சைக்கிள் ஏறினால்? புத்தகப் பையை எண்ணுவதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது மாறி, ஒரு புது நிபந்தனை. பலகை நிறைந்துவிட்டது. ஒரு பையன் ஒரு திருத்தம் சொன்னான். இறங்குபவரைக் கழிக்கவில்லை, அடுத்த பயணத்துக்கு எண்ணிக்கை சைபரில் இருந்து தொடங்கவில்லை. சரியான பிழைதான் பிடித்தான். திருத்தினார்கள். எல்லையில் நிற்கும் அந்த ஓர் ஆள் ஏறலாமா கூடாதா என்று கூடியதா, கூடியதோ சமமோ என்ற குறிக்காக ஒரு முழுப் பாடவேளை போனது. பரீட்சைத் தாளில் அந்தக் குறிக்கு ஒரு புள்ளி. அந்த வகுப்பில் அது ஓர் ஆள்.

பிறகு அந்த மகள் கேட்டாள். "சேர், இது போதும் எண்டு சொல்லும். சொன்ன பிறகும் ஆக்கள் ஏறினா?"

அதற்கு வரி கிடையாது என்று சொன்னேன். சத்தம் போடச் செய்யலாம், சிவப்பு விளக்கு எரியச் செய்யலாம், யாருக்காவது குறுஞ்செய்தி போகச் செய்யலாம். கையைப் பிடித்து இறக்குவது மனிதர் செய்ய வேண்டியது. அவள் தாளின் அடியில் அதையும் எழுதிக்கொண்டாள்: "போதும் என்றால் இறக்க ஓர் ஆள் வேண்டும்." எத்தனையோ பேர் எழுதிய செய்முறை அறிக்கைகளைத் திருத்தியிருக்கிறேன், செய்நிரலால் என்ன முடியாது என்று எழுதியிருந்த முதல் அறிக்கை அது.

இனி வசதி வாய்ப்பு. "எங்கட ஸ்கூல்ல கம்பியூட்டர் இல்லயே சேர்" என்பார்கள். எங்களிடமும் எல்லாம் ஓடுவதில்லை. ஒன்றில் விசைப்பலகை இல்லை, ஒன்றில் உயிரே இல்லை, ஓடும் ஒன்றில் நான்கு பிள்ளை. நான்கு பேர் ஒன்றில் இருப்பது ஒரு விதத்தில் நல்லது, ஒருவர் பிழையை மற்றவர் பிடிப்பார். ஆனால் கை வைக்கும் பிள்ளை எப்போதும் ஒரே பிள்ளையாக இருக்கும், அநேகமாகத் துணிந்த பையன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றாவிட்டால் பெண் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பார்வையாளர்தான். இதை ஆசிரிய நண்பர்கள் கவனியுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது ஆய்வுகூடத்தைத் திறந்தும் பயனில்லை. அப்போது கொப்பியில்தான் ஓட்டினோம். ஒரு பிள்ளை மாறி, கையில் ஒரு துண்டுக் கடதாசி. இன்னொரு பிள்ளை மாறி, இன்னொரு கடதாசி. மூன்றாவது பிள்ளை வரிவரியாக வாசிக்கும். வரி சொல்வதுபோல் கடதாசியில் உள்ள எண்ணை வெட்டி எழுத வேண்டும். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப்போல இருக்கும். கரண்ட் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. செய்நிரல் ஏன் பிழைத்தது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை இப்போதும் கதிரையில் இருந்து எழுப்பிக் கடதாசியோடு நிற்க வைக்கிறேன்.

வீட்டில் லெப்டொப் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று கவலைப்படும் வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. ஆரம்பத்துக்கு அது தேவையே இல்லை. நான் மேலே சொன்னவற்றில் ஆமை தவிர மற்றதெல்லாம் பழைய அன்ட்ரொய்ட் போனில் செய்யலாம். ஒரு முறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும் பைதன் அப் இருக்கிறது, டேட்டா செலவும் இல்லை. கிளாஸுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுக்க முன்னர், பிள்ளையிடம் உங்கள் தொழிலின் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் கடன் கொப்பியைக் கொடுங்கள். விவசாயி உரக் கணக்கைக் கொடுங்கள். ஓட்டோ ஓடும் தம்பி மீற்றர் கணக்கைக் கொடுங்கள். தையல் தைக்கும் ராத்தா துணி அளவைக் கொடுங்கள். பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால், மீன் படாத நாளைப் போட்டுக் கேட்ட அந்த வாப்பாவைப் போல, செய்நிரல் தடுமாறும் ஒரு நாளைக் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் சிலரிடம் அந்தப் பழைய போனும் இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் சும்மா கிடந்தால் தாருங்கள். கண்ணாடி வெடித்திருந்தாலும் பரவாயில்லை, பற்றரி ஒரு மணித்தியாலம் நின்றால் போதும், தமிழ் தட்டெழுத வந்தால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நிற்பேன். வெளியூரில் இருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுக்க ஆள் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் போட்டோக்களை மட்டும் அழித்துவிட்டுத் தாருங்கள்.